முதுமைக்கும் ஓர் ஐந்தொகை



ஆண்டுதோறும் மார்ச் 31 வந்தால் நாம் எல்லோரும் ஒரு வேலை செய்கிறோம். கிடங்கைத் திறந்து இருப்பை எண்ணுகிறோம். எந்த மூட்டையில் வண்டு விழுந்திருக்கிறது, எந்தப் பாக்கி இனி வராது, எந்தச் சரக்கை விலை குறைத்தாவது தள்ளிவிட வேண்டும் என்று பார்க்கிறோம். கணக்குப்பிள்ளை ஐந்தொகை எழுதி, ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நமக்கு நிம்மதி. ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம்மை நாம் ஒருநாளும் இருப்பில் சேர்த்து எண்ணியதில்லை. வயது எத்தனை ஆயிற்று, கால் இன்னும் எத்தனை வருடம் தாங்கும், கீழே விழுந்தால் தூக்கிவிடுவது யார், அதற்கான செலவு எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதற்கு நமது பேரேட்டில் ஒரு பக்கம்கூடக் கிடையாது.

அரசு ஊழியருக்கு 60 வயதில் ஓய்வு என்று தேதி குறித்திருக்கிறார்கள். அந்தத் தேதியை மனத்தில் வைத்து அவர் வீடு கட்டுகிறார், மகளுக்குத் திருமணம் முடிக்கிறார். வணிகருக்கு அப்படித் தேதி ஏதும் இல்லை. கல்லாவில் உட்கார்ந்தபடியே ஒருநாள் கண்ணை மூடிவிட வேண்டும் என்பதுதான் நம்மில் பலருடைய ஆசை. அந்தக் கொடுப்பினை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. 1989-இல் அமைக்கப்பட்ட வணிகர் நல வாரியம், உறுப்பினர் இறந்தால் அவருடைய குடும்பத்துக்கு நிதி வழங்குகிறது. நல்ல ஏற்பாடு, அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆக, வணிகர் இறந்துபோனால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வழி இருக்கிறது. இறக்காமல் 88 வயது வரை இருந்துவிட்டால் என்ன செய்வது? அதற்கு நாம்தான் வழி தேடிக்கொள்ள வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. என் குடும்பத்தில் பட்டு அறிந்ததை எழுதுகிறேன்.

அண்ணனுக்கு நேர்ந்தது

என் மூத்த அண்ணன் நமது விருதுநகர் பஜாரில் 48 ஆண்டுகள் பருப்பு மண்டி நடத்தியவர். இரண்டு ஆண் மக்கள். இருவரையும் நன்றாகப் படிக்க வைத்தார். மூத்தவன் பெங்களூரில், இளையவன் கனடாவில். மண்டிக்கு வர இருவருக்கும் விருப்பம் இல்லை, அண்ணனும் வற்புறுத்தவில்லை. 2019-இல் மதினி காலமானார்கள். அதன்பின் கடைக்கு மேல் மாடியிலேயே அண்ணன் தனியாக இருந்தார். சமையலுக்கு ஒரு அம்மா வந்து போவார்கள்.

2021 மார்கழியில் ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை. போன் கட்டிலில் கிடந்தது. ஆறரை மணிக்கு மண்டிச் சாவி வாங்க வந்த சுமைதூக்கும் தொழிலாளி கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு ஓடி வந்தார். உள்தாழ்ப்பாள் போட்டிருந்ததால் கதவை உடைத்துத்தான் உள்ளே போனோம். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. மதுரையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இனி ஒருவர் பிடிக்காமல் நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பிள்ளைகள் ஓடி வந்தார்கள், அழுதார்கள். இருவருக்கும் விடுமுறை குறைவு. நான்கே நாளில் போனிலேயே விசாரித்து, ஒரு பெருநகரத்தின் புறநகரில் இருந்த ஒரு விடுதிக்கு 5 லட்சம் முன்பணம் கட்டிச் சேர்த்துவிட்டார்கள். விளம்பரத் தாளில் இருபத்து நான்கு மணி நேரமும் நர்ஸ் என்று அச்சடித்திருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது, இரவில் முப்பது பேருக்கு ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். பிடித்துக்கொண்டால் கழிப்பறைவரை நடக்கக்கூடிய மனிதருக்கு, பிடிக்க ஆள் இல்லாத காரணத்தால் டயப்பர் கட்டிவிட்டிருந்தார்கள். அண்ணன் என்னிடம் சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்லவில்லை. "ஏண்டா தம்பி, இந்த ரூமுக்குச் சாவி கிடையாதாடா? யார் யாரோ திறந்துக்கிட்டு வர்றாங்க" என்று மட்டும் கேட்டார். இடுப்பில் சாவிக்கொத்து இல்லாமல் 48 ஆண்டுகளில் ஒருநாளும் இருந்தறியாத மனிதர் அவர்.

அங்கிருந்து கூட்டி வந்தோம். முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. பத்து இடங்களுக்கு நானே நேரில் போய்ப் பார்த்து, ஒரு கணவனும் மனைவியும் பதினான்கு பேரை மட்டும் வைத்துப் பராமரிக்கும் ஒரு சிறிய இடத்தில் சேர்த்தேன். அங்கே அண்ணன் இரண்டரை ஆண்டுகள் இருந்தார். ஒரு மாதத்திலேயே டயப்பர் போய்விட்டது. மூன்றாம் மாதம் அவர்களுடைய மளிகை பில்லை வாங்கிப் பார்த்து, துவரம்பருப்புக்குக் கிலோவுக்குப் பத்து ரூபாய் அதிகம் கொடுக்கிறீர்கள் என்று சண்டை பிடித்து, நமது பஜாரிலிருந்தே சரக்குப் போக ஏற்பாடு செய்துவிட்டார். 2024-இல் அங்கேயே, தூக்கத்தில், அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

அதே மனிதர், அதே உடம்பு, மாதச் செலவும் ஏறக்குறைய அதேதான். முதலாவது இடத்தை நான்கு நாளில், நேரில் பார்க்காமல், பதற்றத்தில் முடிவு செய்தார்கள். இரண்டாவது இடத்தைச் சரக்குப் பார்த்து எடுப்பதுபோல் எடுத்தோம். பிள்ளைகள் கெட்டவர்கள் அல்ல. கொள்முதல் செய்த விதம்தான் தவறு. அவசரத்தில் வாங்கிய சரக்கு எப்போது நல்ல சரக்காக இருந்திருக்கிறது?

எல்லாம் 'முதியோர் இல்லம்' அல்ல

முதியோர் இல்லம் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு முகம் சுருங்கிவிடுகிறது. பெற்றவர்களைத் தள்ளிவிட்ட பிள்ளைகள், திண்ணையில் காத்திருக்கும் தாய் என்று சினிமா காட்டிய படம்தான் மனத்தில் நிற்கிறது. ஆனால் இன்று இந்த ஒரே பெயருக்குள் நான்கைந்து வெவ்வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. எல்லாப் பருப்பையும் பருப்பு என்று ஒரே விலைக்கு நாம் வாங்குவதில்லை. இதையும் ரகம் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஆதரவற்ற ஏழை முதியோருக்கான இல்லங்கள். அரசும் அறநிலையங்களும் நடத்துபவை. சொத்துள்ள நாம் அங்கே இடம் கேட்பது முறையல்ல. நன்கொடை கொடுக்கத்தான் போக வேண்டும்.

இரண்டாவது, ஓய்வுக் குடியிருப்புகள். நடமாட்டத்துடன் இருப்பவர்கள் வீடு வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ இருக்கும் இடங்கள். பொதுச் சமையல்கூடம், காவல், அவசர மணி எல்லாம் இருக்கும். கோயம்புத்தூர்ப் பகுதி இதற்குப் பெயர் பெற்றது.

மூன்றாவது, 'அசிஸ்டட் லிவிங்' என்கிறார்களே அது. துணையுடன் வாழுமிடம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். தனி அறை இருக்கும். குளிக்க, உடுத்த, மாத்திரை எடுக்க, நடக்க ஆள் துணை இருக்கும். ஆனால் ஆஸ்பத்திரி அல்ல. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் 1983-இல் கெரன் பிரவுன் வில்சன் என்ற பெண்மணி இதற்கு முன்னோடியான ஓர் இடத்தைத் தொடங்கினார். பக்கவாதம் வந்து நர்சிங் ஹோம்களில் காலம் கழித்த தம் தாயின் நிலையைக் கண்டு தொடங்கியது அது. அதன் தத்துவம் எளிமையானது. உதவி எவ்வளவு தேவைப்பட்டாலும் அது அவருடைய வீடு. சொந்த நாற்காலி, சிறு அடுப்பு, உள்ளிருந்து பூட்டிக்கொள்ளக் கதவு. அதைப் படித்தபோது என் அண்ணன் கேட்ட சாவிதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

நான்காவது, படுத்த படுக்கையானவர்களுக்கும் நினைவு தவறியவர்களுக்கும் உரிய மருத்துவப் பராமரிப்பு இடங்கள். ஐந்தாவது, நம் வீட்டுக்கே பகலுக்கும் இரவுக்கும் ஆள் அனுப்பும் ஏற்பாடு.

இவற்றில் நமக்கு எது தேவை என்பதை முடிவு செய்ய மருத்துவர்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 1963-இல் சிட்னி கேட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்டது. ஆறே கேள்விகள். தானே குளிக்கிறாரா, தானே உடுத்துகிறாரா, கழிப்பறைக்குப் போய் வருகிறாரா, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுகிறாரா, சிறுநீரையும் மலத்தையும் அடக்க முடிகிறதா, தானே சாப்பிடுகிறாரா. ஆறுக்கும் ஆம் என்றால் வீடே போதும். ஓரிரண்டுக்கு இல்லை என்றால் ஆள் துணை வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு இல்லை என்றால் துணை மட்டும் போதாது. வீட்டில் வயதானவர் இருக்கும் ஒவ்வொருவரும் இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால், திடீரென்று ஏதும் வந்துவிட்டது என்று பதற வேண்டியிருக்காது.

'பிள்ளைகள் பார்க்க மாட்டார்களா?'

இந்தக் கேள்வியை என்னிடம் பலர் கேட்டார்கள். கூட்டுக் குடும்பத்தில் பார்த்தோம், இப்போது மட்டும் ஏன் முடியாது என்கிறார்கள். ஒன்றை மனச்சாட்சியோடு ஒப்புக்கொள்வோம். அப்போது பார்த்தது மகன்கள் அல்லர். நம் தாய் தந்தையரைக் குளிப்பாட்டியதும் துணி மாற்றியதும் நம் மனைவிமார்கள். நாம் கடையில் இருந்தோம். இரவு வந்து, அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டதோடு நம் கடமை முடிந்தது. இன்று மருமகளும் வேலைக்குப் போகிறாள். அவளிடம் வேலையை விடு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இன்னொன்று. இந்தப் பேச்சில் நாம் நம்மையே நினைக்கிறோம். பெரும்பாலான வீடுகளில் கணவர் வயதில் மூத்தவர், முன்னால் போய்ச் சேர்கிறார். பத்துப் பதினைந்து ஆண்டுகள் தனியாக இருக்கப்போவது மனைவிதான். கடை நம் பெயரில், வீடு நம் பெயரில், வங்கிக் கணக்கு நம் பெயரில். காசோலையில் கையெழுத்துப் போட்டறியாத பெண்களைத்தான் நாம் விட்டுப்போகிறோம். அவர்கள் எங்கே இருப்பார்கள், யார் கையை எதிர்பார்ப்பார்கள் என்று எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறோம்?

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 100 பேரில் 8.6 பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். தமிழ்நாட்டிலோ 10.4 பேர். அதன்பின் ஆண்டுகள் எத்தனை ஓடிவிட்டன! பஜாரில் கல்லாக்களை ஒரு சுற்றுப் பார்த்து வந்தால் கணக்கெடுப்பே தேவையில்லை.

பத்திரத்தில் கவனம்

வணிகர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. பாசத்தில், அல்லது பிற்காலத்தில் வழக்கு வரக்கூடாது என்ற எண்ணத்தில், கடைக் கட்டடத்தையும் வீட்டையும் உயிரோடு இருக்கும்போதே செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிடுவது. உயில் என்றால் நம் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். செட்டில்மென்ட் அப்படியல்ல. கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்த நிமிடமே சொத்து கைமாறிவிடுகிறது.

2007-இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தை நம் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இதன் 23-ஆம் பிரிவின்படி, என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்க மறுத்தால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யுமாறு கேட்கலாம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க வேண்டும். நிபந்தனை இருந்தது என்பதை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் ஒரு வழக்கில் சொன்னது. இது முதியோரின் நன்மைக்கான சட்டம், அதற்கேற்பத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் சொன்னது. நம் வழக்கு எந்தப் பக்கம் சாயும் என்று யோசிப்பதைவிட, "என்னையும் என் மனைவியையும் ஆயுள்வரை பராமரிக்க வேண்டும், வாடகை வருமானம் எங்கள் ஆயுள்வரை எங்களுக்கே" என்று பத்திரத்திலேயே இரண்டு வரி எழுதுவது எவ்வளவோ மலிவு. கடன் கொடுக்கும்போது பாண்டு வாங்காமல் கொடுக்கிறோமா?

இதே சட்டத்தில் பிள்ளைகளிடம் மாதப் பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். ஆனால் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். ஆள் துணையோடு தங்கும் இடத்துக்கு அந்தத் தொகை எட்டவே எட்டாது. ஆகவே சட்டத்தைக் கடைசித் தடுப்பாக வைத்துக்கொள்ளலாமே தவிர, அதையே வருமானமாக நம்பியிருக்க முடியாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

எடுத்துக்காட்டுக்கு, துணையுடன் வாழுமிடத்தில் ஒருவருக்கு மாதம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4,80,000. கட்டணம் ஆண்டுதோறும் 8 சதவீதம் ஏறினால், ஒன்பதே ஆண்டில் மாதம் 80,000 ஆகிவிடும். கையில் 60 லட்சம் இருந்து, அதற்கும் 8 சதவீத வட்டி வந்தால், முதல் ஆண்டு வட்டியே செலவுக்குச் சரியாக இருக்கும். ஆனால் செலவு ஏற ஏற முதலில் கை வைக்க வேண்டும். அந்த 60 லட்சமும் ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டில் தீர்ந்துவிடும். வட்டிக்கான வருமான வரியை இதில் நான் கழிக்கவில்லை. கணவன் மனைவி இருவருக்கும் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் போடக்கூடிய உச்சவரம்பை 2023-இல் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தினார்கள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் தனித்தனியே போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும். இளம் வணிகர்களுக்கென்று மத்திய அரசு 2019-இல் ஓர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. 18 முதல் 40 வயதுக்குள் சேர்ந்தவர்களுக்கு 60 வயதில் மாதம் 3,000 ரூபாய் என்றது. ஒரு வீட்டின் பால் கணக்குக்கு ஆகும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். 70 வயது கடந்த அனைவருக்கும் ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை என்று ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை 2024 அக்டோபரில் விரிவுபடுத்தினார்கள். பெற்றுக்கொள்ள வேண்டிய உதவிதான். ஆனால் அது மருத்துவமனைச் செலவுக்கு. வீடு திரும்பியபின் குளிப்பாட்ட வரும் ஆளுக்குச் சம்பளமோ, தங்குமிட வாடகையோ அதில் கிடைக்காது. முதுமையில் பெரிய செலவு அறுவைச் சிகிச்சை அல்ல. அதற்குப் பிறகு வரும் ஆயிரம் நாட்கள்தான்.

ஜி.எஸ்.டி.யையும் மறக்கக்கூடாது. அரசோ, வருமான வரிச் சட்டப்படி பதிவு பெற்ற அறநிறுவனமோ நடத்தும் இல்லத்தில், 60 வயதானவர்களுக்கு உணவு, தங்குமிடம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ரூபாய் வரை வாங்கினால் வரிவிலக்கு என்று 2018-இல் அறிவித்தார்கள். தனியார் நிறுவனம் நடத்துவதற்கு இந்த விலக்கு பொருந்தாது. சொல்லும் கட்டணம் வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று முதலிலேயே கேளுங்கள். நமக்கு இது புதிய கேள்வி அல்லவே!

நேரில் போனால் கேட்க வேண்டியவை

ஓய்வுக் குடியிருப்புகளுக்கான மாதிரி வழிகாட்டு நெறிகளை மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்டது. அது ஒருபுறம் இருக்கட்டும். பத்து இடங்கள் ஏறி இறங்கிய அனுபவத்தில் நான் சொல்லக்கூடியவை இவை.

1. இரவு பத்து மணிக்கு மேல் எத்தனை பேருக்கு எத்தனை ஆட்கள்? பகலில் போய்ப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒருநாள் இரவில் சொல்லாமல் போய்ப் பாருங்கள்.

2. நான் படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வீர்களா, அல்லது வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்வீர்களா? இதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

3. முன்பணத்தில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்ப வரும்? கட்டணம் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏறும்?

4. கட்டியவர் ஒருவர், நடத்துபவர் வேறொருவரா? நடத்துபவர் விலகிவிட்டால் யார் பொறுப்பு?

5. கணவர் இறந்தால் மனைவி அதே அறையில் அதே நிபந்தனையில் இருக்கலாமா?

6. என் அறைக்கு என்னிடம் சாவி உண்டா?

ஆறாவது கேள்விக்குச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். சிரித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊரிலேயே ஓர் இடம்

இவ்வளவும் எழுதிய நான் என்ன செய்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். எனக்கு வயது 69. மகளும் மகனும் வெளியூரில். இந்த ஆண்டு குளியலறையில் வழுக்காத தளம் போட்டுச் சுவரில் கைப்பிடி வைத்தேன். உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வெளியிலிருந்தும் திறக்கும் பூட்டுப் பொருத்தினேன். மாற்றுச் சாவி தம்பி வீட்டில் இருக்கிறது. உயில் எழுதினேன். நடமாட்டம் குறைந்தால் எந்த இடத்துக்குப் போவது என்று நானும் மனைவியும் நேரில் பார்த்து, பெயரை எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டோம். மகன் போனில் அழுதான். "நாங்கள் இல்லையா அப்பா" என்றான். "நீங்கள் இருக்கிறீர்கள் என்பதற்காகத்தான் எழுதினேன், நான்கு நாளில் நீ முடிவு செய்ய வேண்டிய நிலை உனக்கு வரக்கூடாது" என்றேன்.

ஆனால் என் மனைவிக்கு அந்த இடத்தில் ஒரு குறை. "எல்லாம் சரிங்க, பங்குனிப் பொங்கலுக்கு நான் எப்படி மாரியம்மன் கோயிலுக்கு வருவேன்" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நல்ல இடங்கள் எல்லாம் கோவையிலும் சென்னைப் புறநகரிலும்தான் இருக்கின்றன. 50 ஆண்டுகள் நம்மைத் தெரிந்த மனிதர்கள், பஜார்ச் சத்தம், காலையில் விலை விசாரிக்க வரும் நாலு பேர், இவை இல்லாத இடத்தில் எத்தனை வசதி இருந்தும் என்ன?

இந்த ஊரில் முன்னோர்கள் 1889-இல் பள்ளிக்கூடம் கட்டினார்கள். அரசு கட்டிக் கொடுக்கவில்லை. வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துவைத்த மகமையும், வீடுதோறும் பெண்கள் போட்ட பிடியரிசியும் பிள்ளைகளைப் படிக்க வைத்தன. அப்படிப் படித்த பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று வெளிநாட்டில் இருக்கிறார்கள். அது நமக்குப் பெருமை. ஆனால் அந்தப் பெருமைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெற்றவர்கள் இங்கே தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டிய வழியிலேயே பெரியவர்களுக்கும் ஓர் இடம் கட்ட முடியாதா?

நமது சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன். முதலில், செலவே இல்லாத ஒன்று. தனியாக இருக்கும் மூத்த உறுப்பினர்களின் பட்டியல் தயாரித்து, தெருவுக்கு ஒருவர் பொறுப்பேற்று, காலை எட்டு மணிக்குள் ஒரு போன் செய்ய வேண்டும். இரண்டாவது, ஆண்டுக்கு ஒருநாள் வழக்கறிஞரையும் ஆடிட்டரையும் அழைத்து, உயில், செட்டில்மென்ட், மனைவி பெயரில் சேமிப்பு பற்றி உறுப்பினர்களும் அவர்களுடைய துணைவியரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆண்கள் மட்டும் வந்தால் பயனில்லை. மூன்றாவது, ஊரிலேயே இருபது அறைகளுக்குக் குறையாத, துணையுடன் வாழுமிடம் ஒன்று. இலவசம் வேண்டாம். கட்டணம் வாங்குவோம், கணக்குக் காட்டுவோம். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் மட்டும் மகமைபோல் நிதி திரட்டுவோம். நம்மோடு கிழடாகிப்போன கணக்குப்பிள்ளைகளுக்கும் சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கும் அதில் நான்கு அறைகளாவது கட்டணமின்றி ஒதுக்க வேண்டும். அண்ணன் விழுந்த அன்று கதவைத் தட்டியவர் பெற்ற பிள்ளை அல்ல, மூட்டை தூக்கிய மனிதர்தான்.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். 1889-இலும் கேட்டிருப்பார்கள்.

பெரியோர்களே, இந்த மார்ச் 31-க்கு இருப்பு எண்ணும்போது ஒரு தாளைக் கூடுதலாக எடுத்து வையுங்கள். கை நடுங்காமல் கையெழுத்துப் போடும் காலத்திலேயே நமது கணக்கையும் எழுதி முடித்துவிடுவோம். தனியாக இருப்பவர்களும் முதியோர் கொடுமைக்கு ஆளானவர்களும் அழைக்க 14567 என்ற கட்டணமில்லாத தேசிய உதவி எண் இருக்கிறது. அதைக் கல்லாவுக்கு மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வையுங்கள். யாருக்காவது, எப்போதாவது உதவும்.